படிப் பட்டை மோதிரம்

என் அக்காவின் வீட்டில் ஏழு ஆண்டுகளாக வைரம் என்னும் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடாமல், சென்ற ரஜப் மாதத்தில் நாங்கள் ஒரு மோதிரத்திற்காக அலைந்ததைச் சொன்னால் வாசகர்களுக்கு அது வெறும் கடைத்தெருக் கதையாகவே தோன்றும்.

அக்காவின் மூத்த மகளுக்கு ஓரிடத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவள் விரலில் ஒரு மோதிரத்தை அணிவித்து, "வைரம்; பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சென்றார்கள். அக்காவும் அதைப் பஞ்சில் சுற்றிப் பீரோவில் வைத்தார். சில மாதங்கள் கழித்து, விரலுக்குத் தளர்வாக இருக்கிறதென்று சுருக்கக் கொண்டுபோனபோது, ஆசாரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. நேராக எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவரிடம் கொண்டுவந்தார்.

திருச்சியில் வாழ்பவர்களுக்கு அந்தப் பெரியவரைப் போன்றவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு சோறு போட்ட காலம் ஒன்றிருந்தது. பத்து வயதில் சாணைச் சக்கரத்தின்முன் உட்கார்ந்தவர் அவர். மோதிரத்தைக் கண்ணருகே பிடித்தார். கல்லின் பட்டை விளிம்புகளைச் சுட்டிக்காட்டினார். "ஹஜ்ரத், வைரமாக இருந்தால் இந்த ஓரங்கள் கத்தியைப்போல நிற்கும். இது அதற்குள் மழுங்கத் தொடங்கிவிட்டது. இது நம் ஊர்ச் சரக்கு" என்றார்.

அமெரிக்கன் டைமண்ட் என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தக் கல். கல்லின் விலைக்காக நாங்கள் வருந்தவில்லை. அதே கல்லை அதன் பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அக்கா மகிழ்ச்சியுடன் வாங்கியிருப்பார். கேட்டபோது அவர்களுக்கு வந்த கோபம், நாங்கள் சோதித்துப் பார்த்தோம் என்பதற்காக வந்ததேயன்றி வேறில்லை. பேச்சு வளர்ந்தது, ஜமாஅத்தில் நால்வர் அறிய நிச்சயம் முறிந்தது. மோதிரம் அன்றே திரும்பிப் போயிற்று. என் மருமகள் இன்று வேறொரு நல்ல வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அக்கா அந்தச் சொல்லை அத்துடன் விட்டுவிட்டார்.

இப்போது அவருடைய மகனுக்கு நிச்சயம். ஷார்ஜாவில் கணக்கெழுதும் வேலையில் இருக்கும் பிள்ளை. பெண் தஞ்சைப் பக்கம். நிச்சய மோதிரத்தைப் பற்றி இரு வீட்டுப் பெண்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டபோது, மணப்பெண் ஒரு விருப்பத்தைத் தெரிவித்திருக்கிறாள். வட்டக் கல் வேண்டாமாம். நீண்ட சதுரமாக, உள்ளே மாடிப்படி இறங்குவதுபோலப் பட்டை போட்ட வைரக்கல் ஒன்று, சிறியதாயினும் போதுமாம். பையன் எனக்கு ஒரு படத்தை அனுப்பி, "மாமா, அம்மா தனியாகக் கடைக்குப் போனால் கலங்கிவிடுவார்கள். நீங்களும் கூடப் போய் வாருங்கள்" என்றான்.

நான் கல்லூரியில் படித்தது வரலாறு. மதரஸாவில் ஓதியது அரபி. இரண்டிலும் நகைக்கடைக்கு உதவும் பாடம் இருக்கும் என்று நினைத்ததில்லை. ஆனால் கடைக்காரர் முதன்முதலில் "காரட்" என்றபோது எனக்கு ஃபிக்ஹு நூல்தான் நினைவுக்கு வந்தது. ஒரு தீனாருக்கு இருபது கீராத் என்று ஹனஃபி மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோமே, அந்தக் கீராத்தான் ஐரோப்பா போய்க் காரட்டாகத் திரும்பியிருக்கிறது. கீராத்தும் ஆதியில் கிரேக்கர்கள் ஒரு மரத்தின் விதையைக் கொண்டு நிறுத்த எடைதான். இன்றைய ஒரு காரட் 0.2 கிராம். ஜகாத்துக்காக இருபது தீனாரை 87.48 கிராம் என்று நம் நாட்டு உலமாக்கள் கணக்கிடுவதை வைத்துப் பார்த்தால், ஒரு கீராத் 0.22 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் எடை அதிகம் நகரவில்லை! தங்கத்தின் மாற்றைச் சொல்லும் காரட்டும் இதே சொல்தான், பொருள் வேறு. பதினெட்டுக் காரட் மோதிரத்தில் அரைக் காரட் கல் என்று கடைக்காரர் சொன்னபோது அக்கா குழம்பிப்போனதில் வியப்பில்லை.

கடைக்குப் போகுமுன் பெரியவரிடம் போனோம். அக்கா தயங்கித்தான் வந்தார். அந்தத் திண்ணையில் அவர் கடைசியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பெரியவர் படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "பெண் பிள்ளைக்குத் துணிச்சல் அதிகம். இது ஒளிவு மறைவு தெரியாத கல்" என்றார். பிறகு அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். வட்டக் கல்லின் பட்டைகள் முக்கோணமும் சாய்சதுரமுமாக நாலா பக்கமும் வெட்டப்பட்டவை. உள்ளே போகும் ஒளியைத் துண்டு துண்டாக உடைத்து வெளியே எறியும். காற்றடிக்கும்போது குளத்தில் வெயில் விழுந்தால் எப்படியோ அப்படி. அந்த மினுமினுப்பில் உள்ளே ஒரு சிறு புள்ளி இருந்தாலும் கண்ணுக்கு அகப்படாது. படிப் பட்டைக் கல் காற்றில்லாத கிணறு. மேல்தளம் அகலமாக, சமமாக இருக்கும். அதன்கீழ்ப் படிகள் ஒன்றுக்கொன்று இணையாக இறங்கும். மினுங்காது, அசைக்கும்போது கண்ணாடியில் வெயில் பட்டதுபோல ஒரு முழு வெளிச்சம் வந்து போகும். கிணற்றில் விழுந்த குடம் தெரிவதுபோல உள்ளே என்ன இருந்தாலும் தெரியும். மஞ்சள் நிறம் ஓடியிருந்தால் அதுவும் தெரியும்.

"ஆகவே எடையைப் பார்க்காதீர்கள். சுத்தத்தைப் பாருங்கள். கடை விளக்கின்கீழ்ப் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்" என்றார் பெரியவர்.

இந்த வெட்டுக்கு எமரால்டு கட் என்று பெயர் வந்த காரணம் எனக்குப் பிடித்திருந்தது. மரகதம் எளிதில் உடையும் கல். கூரான மூலைகள் தெறித்துவிடும் என்பதற்காக நான்கு மூலைகளையும் சீவி வெட்டினார்கள். பின்னர் அதே வடிவம் வைரத்துக்கும் வந்தது. இதையே சதுரமாக வெட்டினால் ஆஷர் என்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஜோசப் ஆஷர் 1902இல் அமைத்த வடிவம் அது. 3106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தை 1908இல் பிளந்தவர்களும் அதே ஆஷர் குடும்பத்தார்தாம். இவற்றுக்கெல்லாம் முன்னோடி, கல்லின் மேலே ஒரு தட்டையான முகத்தை மட்டும் அமைத்த பழைய தட்டை வெட்டு. பிரேசிலில் 1720களில் வைரம் கிடைக்கும்வரை உலகுக்கு வைரம் வழங்கியதில் நம் நாட்டுக்கே முதலிடம். கோல்கொண்டா பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் தர்யாயே நூர், ஏறத்தாழ 182 காரட், இளஞ்சிவப்பு, அந்தத் தட்டை வெட்டில்தான் இன்றும் தெஹ்ரானில் இருக்கிறது. 1739இல் நாதிர் ஷா டில்லியிலிருந்து அள்ளிச் சென்றவற்றுள் அதுவும் ஒன்று. வைரத்துக்கு அரபியில் அல்மாஸ் என்று பெயர் இருப்பதையும் சேர்த்து இதையெல்லாம் ஆட்டோவில் அக்காவிடம் விளக்கிக்கொண்டே போனேன். "நாதிர் ஷாவிடம் ரசீது இருந்ததா?" என்று கேட்டார் அக்கா. அத்துடன் வரலாற்றை நிறுத்திக்கொண்டேன்.

முதற்கடை பெரிய கடை. ஊரையும் பெயரையும் சொல்வதற்கில்லை. ஒரு காரட்டுக்குச் சற்றுக் குறைந்த நீள்சதுரக் கல் ஒன்றைக் கறுப்பு வெல்வெட்டின்மேல் வைத்தார் விற்பனையாளர். பையன் சொன்ன தொகைக்குள் அடங்கும் விலை. அக்காவின் முகத்தில் நெடுநாள் காணாத ஒரு மலர்ச்சி. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். விதி அனுமதிக்காது என்றார். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு கண்ணாடியை வாங்கி, பெரியவர் கற்றுத் தந்தபடி கண்ணோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் ஒரு மூலையருகில் உள்ளுக்குள் இறகுபோல ஒரு வெண்கீற்று தெரிந்தது. கல்லின் விளிம்புவரை ஓடியிருந்தது.

விற்பனையாளர் மறுக்கவில்லை. "அது தெரிந்ததுதான், பாய். அதனால்தான் இந்த விலை. மோதிரத்தில் பதிக்கும்போது அந்த மூலைமேல் தங்கக் கொக்கி வந்துவிடும். அதற்கப்புறம் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார்.

ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் பாடம் ஒன்றுண்டு. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள் பெருமானார். எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தக் கடையில் அந்தக் கணத்தில் எனக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. தொகைக்குள் வருகிறதே, அக்கா முகம் மலர்ந்திருக்கிறதே என்றுதான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். விற்பவர் எங்களிடம் சொல்லிவிட்டாரே என்றும் ஒரு சமாதானம் தோன்றியது. அவர் எங்களிடம் சொல்லிவிட்டார். நாங்கள் யாரிடம் சொல்வோம்?

அக்கா எதையும் கணக்கிடவில்லை. கல்லை வெல்வெட்டின்மேல் வைத்தார். கைப்பையை மூடினார். "வா, தம்பி" என்றார்.

வெளியே வந்து பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் வேறொரு காரணம் சொன்னார். விளிம்பைத் தொடும் கீற்றின்மேல் கொக்கியை அழுத்தினால், பதிக்கும்போதே மூலை தெறித்துவிடலாம். வைரத்தைக் கீறுவது கடினம். ஆனால் அடி விழும் இடத்தில் விழுந்தால் பிளந்துவிடும் என்றார்.

இதனிடையே ஷார்ஜாவிலிருந்து பையன் வேறொரு யோசனை சொன்னான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் வாங்கிவிடலாம். அதே பணத்தில் ஒன்றரைக் காரட், மாசு மறுவற்ற கல் கிடைக்கும், மீதியும் இருக்கும் என்றான். இதைச் சற்று விளக்கவேண்டும். இது அமெரிக்கன் டைமண்ட் அன்று. அது வேறு பொருள். வைரத்தைவிட மென்மையானது, அதே அளவில் கனமானது. ஆய்வுக்கூட வைரமோ மண்ணில் கிடைப்பதைப் போலவே முழுக் கரி. கடினத்திலும் ஒளியிலும் வேறுபாடில்லை. வெறுங்கண்ணாலும் கைக்கண்ணாடியாலும் பிரித்தறிய இயலாது. அதற்கென்றே உள்ள கருவிகள் வேண்டும். 1950களிலேயே இதைச் செய்யக் கற்றுவிட்டார்கள் என்றாலும், நகைக்கடைக்குப் பரவலாக வந்தது அண்மைக்காலத்தில்தான்.

என் கருத்து, அதையே வாங்கியிருக்கலாம் என்பதுதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. பாலைவன நாட்டில் பிள்ளை சம்பாதித்த காசும் மிஞ்சும். ஆனால் அக்காவிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் "ஆய்வுக்கூடம்" என்னும் இடத்திலேயே அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "நாம் சொல்லிக் கொடுப்போம், தம்பி. அவர்களும் சரி என்பார்கள். நாளைக்கு எவளாவது ஒருத்தி, அந்த வீட்டில் செயற்கைக் கல் போட்டார்களாம் என்று பாதி சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். அந்தப் பாதியை நான் ஒருமுறை தாங்கிவிட்டேன்" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இரண்டாவதாகப் போனது ஒரு சிறிய கடை. அறுபது சென்ட் கல், அதாவது ஒரு காரட்டில் நூறில் அறுபது பங்கு. அந்த வியாபாரி தாமாகவே வாசற்படிக்குக் கொண்டுவந்து, வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்தார். நீளம் அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆழம் போதாமல் தட்டையாக வெட்டிய கல்லாக இருந்தால் நடுப்பகுதி ஜன்னல்போல வெறிச்சென்று இருக்கும். அடியிலுள்ள தாளே தெரியும் என்றார். இதில் அப்படியில்லை. அசைத்தால் படிகள் ஒன்றுவிட்டு ஒன்று இருண்டு ஒளிர்ந்தன. கூடவே வந்த சான்றிதழில் நிறம் எச், தெளிவு வி.எஸ். 2 என்றிருந்தது. வட்டக் கல்லுக்குத் தருவதுபோல வெட்டின் தரத்தை இதற்கு அந்தத் தாளில் எழுதவில்லை. ஆகவே வெட்டைக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தாளின் எண்ணும் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருந்த எண்ணும் ஒன்றே என்பதைக் கைக்கண்ணாடியில் காட்டினார்.

"இதில் ஒரு புள்ளி இருக்கிறது, அம்மா" என்றும் அவரே சொன்னார். "மேல்தளத்தின் இடது மூலைக்குக் கொஞ்சம் உள்ளே. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தாளில் வரைந்து காட்டியிருக்கிறார்கள்." அக்கா கண்ணாடியை வாங்கி நெடுநேரம் தேடிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் முதற்கடையில் கண்டதைவிடப் பெரிய நிம்மதி தெரிந்தது.

இருந்தாலும் அக்கா வியாபாரம் பேசாமல் விடவில்லை. அறுபது சென்ட் வட்டக் கல்லின் விலையைக் கேட்டு ஒப்பிட்டார். படிப் பட்டை சற்று மலிவாகவே இருந்தது. மூலக்கல்லில் சேதாரம் குறைவு, தேடி வருபவர்களும் குறைவு என்றார் வியாபாரி. அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. தங்கத்தைப்போல எண்ணாதீர்கள், கொடுத்த விலை திரும்பாது என்று அதற்கும் ஒளிவில்லாமல் பதில் வந்தது. நம் பெண்கள் நகையை அணிகலனாக மட்டும் பார்ப்பதில்லை, ஆபத்துக்கு உதவும் சேமிப்பாகவும் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் வைரம் தேறாது. ஆகவே மஹரைத் தங்கமாகவே கொடுப்பது, மோதிரத்தை அதில் சேர்க்காமல் தனி அன்பளிப்பாக வைப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

இதை எழுதியும் வைத்தோம். நிச்சயத்தில் கொடுக்கும் நகை மஹரின் பகுதியா, அன்பளிப்பா என்பதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்வதில்லை. திருமணம் நடந்தேறிவிட்டால் அந்தக் கேள்வி எழுவதுமில்லை. முறிந்தால்தான் எழுகிறது. மஹராகக் கொடுத்தது நிக்காஹ் நடவாவிட்டால் திரும்பவேண்டியது. அன்பளிப்பாயின் மத்ஹபுகளுக்கிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஏழாண்டுக்கு முன் ஜமாஅத்தில் அந்தக் கேள்விக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்று மாணவர்களுக்குச் சொல்லும் எனக்கு, அன்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

மோதிரத்தின் அமைப்பில் அக்காவுக்கும் கடைக்காரருக்கும் சிறு வழக்கு நடந்தது. இருபத்திரண்டு காரட் தங்கம்தான் வேண்டும் என்றார் அக்கா. அது மென்மையானது, கொக்கி வளைந்து கல் விழுந்துவிடும், வைரத்துக்குப் பதினெட்டே நல்லது என்று வென்றார் கடைக்காரர். வெள்ளைத் தங்கம் வேண்டாம், மஞ்சளே இருக்கட்டும் என்பதில் அக்கா வென்றார். கல்லில் இலேசாக நிறம் இருந்தாலும் மஞ்சள் தங்கத்தில் அது உறுத்தாது என்பதால் இருவருக்கும் அதில் இலாபம்தான். கல்லை உயரத் தூக்கிப் பதிக்காமல் தாழப் பதிக்கச் சொன்னது நான். நாள்தோறும் ஐந்து வேளை ஒளுச் செய்யும் கை. மோதிரத்தை அசைத்து அடியில் தண்ணீர் படச் செய்யவேண்டும், ஆகவே விரலை இறுக்கவும் கூடாது. வைரத்தில் எண்ணெய் எளிதில் ஒட்டும். இந்த அகன்ற மேல்தளத்தில் கைரேகைகூடப் படிந்து தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சோப்புக் கரைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும் என்று சொல்லியனுப்பினார்கள்.

மோதிரம் வந்ததும் பெரியவரிடம் காட்டினோம். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் வைரத்தைப் போன்ற கற்களையே பட்டை தீட்டிய மனிதர். மோதிரத்தை வாங்கி ஜன்னலோரம் போய் நின்றார். வெகுநேரம் பேசவேயில்லை. "சூரத்தில் எந்தப் பையன் வெட்டினானோ, கை நடுங்காமல் வெட்டியிருக்கிறான்" என்றார். திருப்பிக் கொடுக்குமுன் தம் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்.

நிச்சயம் பெண் வீட்டில். ஆண்கள் கூடத்தில் இருந்தோம். மோதிரம் அணிவிப்பது திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியில். அங்கு நடந்ததை என் மகள் வந்து சொன்னாள். மோதிரப் பெட்டியைத் திறந்ததும் பெண்ணின் நன்னி ஒருவர், "வைரம் என்றார்கள், மினுங்கவே காணோமே?" என்று கேட்டிருக்கிறார். என் மகளுக்கு உயிரே நின்றுவிட்டதாம். அக்கா பதற்றப்படவில்லை. கைப்பையிலிருந்து சான்றிதழையும், நாங்கள் எழுதிய தாளையும், கடைக்காரரிடம் கேட்டு விலைக்கு வாங்கியிருந்த சிறு கண்ணாடியையும் எடுத்து வைத்திருக்கிறார். "அறுபது சென்ட், மாமி. மண்ணில் விளைந்த கல். இந்த வெட்டு மினுங்காது, அசைத்துப் பாருங்கள். இதில் ஒரு புள்ளியும் இருக்கிறது, இடது மூலைப் பக்கம்" என்று சொன்னாராம்.

"எங்கே? எனக்குத் தெரியவில்லையே" என்று நன்னி கண்ணாடியை வாங்கித் தேடியிருக்கிறார். அவரிடமிருந்து பெண்ணின் தாய், பெரியம்மா, மச்சிமார் என்று மோதிரம் கைமாறிக்கொண்டே போயிருக்கிறது. எங்களுக்குக் கூடத்தில் சிரிப்பொலிதான் கேட்டது. கால் மணி நேரம் கழித்து மோதிரம் மணப்பெண்ணிடம் வந்தபோது, அவள் கண்ணாடி இல்லாமலே புள்ளியைக் கண்டுவிட்டதாகச் சாதித்தாளாம்.